மேசை வலப்பக்கம் போனால் அது எக்ஸ் பிளஸ்ஸா? ரெட்ரோஃபிட் மில்லிங் மெஷினில் அச்சுத் திசைக் குழப்பம்

#1 கணபதிப்பட்டறை

வணக்கம். கோவை கணபதியில் சிறிய ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறோம். எங்களிடம் பழைய நீ-டைப் (மேசை ஏறி இறங்கும் வகை) வெர்டிகல் மில்லிங் மெஷின் ஒன்று இருக்கிறது. நாங்கள் வாங்குவதற்கு முன்பே யாரோ அதில் பால் ஸ்க்ரூவும் ஸ்டெப்பர் மோட்டாரும் போட்டு, மீசா 7ஐ76இ கார்டு (கணினியையும் மோட்டார் டிரைவையும் இணைக்கும் பலகை) வைத்து, லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓடும்படி மாற்றியிருந்தார்கள். இதுவரை வந்ததெல்லாம் ஃபிளேஞ்ச் வேலைதான். வட்ட பிளேட், நடுவில் ஜீரோ, சுற்றிலும் போல்ட் துளைகள். ஒரு குறையும் கண்டதில்லை.

இப்போது பம்ப் பாடி வார்ப்பு ஒன்று வந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் காது போல் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் இரண்டு துளை போட வேண்டும். கேமில் (புரோகிராம் தயாரிக்கும் மென்பொருள்) இடது முன் மூலையை ஜீரோவாக வைத்து புரோகிராம் எடுத்தோம். மெஷினிலும் அதே மூலையில் எட்ஜ் ஃபைண்டரால் (விளிம்பைத் தொட்டறியும் கருவி) ஜீரோ பிடித்து, கட்டரை உயரத் தூக்கி வைத்துக் காற்றில் ஓட்டிப் பார்த்தோம். ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) வார்ப்பின் மேல் வரவே இல்லை. வார்ப்புக்கு இடப்பக்கமாகவும் நம்மை நோக்கியும் வெளியே போய்விடுகிறது.

கீபோர்டில் வலது அம்புக்குறியை (எக்ஸ் பிளஸ்) அழுத்தினால் மேசை வலப்பக்கம் போகிறது. மேல் அம்புக்குறியை (ஒய் பிளஸ்) அழுத்தினால் மேசை தூணை நோக்கி உள்ளே போகிறது. எங்கள் மூத்த ஆபரேட்டர் இதுதான் சரி என்கிறார். கேம் போடும் தம்பி எல்லாமே தலைகீழ் என்கிறான். இசட்டில் சிக்கல் இல்லை. பிளஸ் கொடுத்தால் குயில் (ஸ்பிண்டிலைத் தாங்கும் குழல்) மேலே ஏறுகிறது. யார் சொல்வது சரி?

#2 வலக்கை

தம்பி சொல்வதுதான் சரி. உங்கள் மெஷினில் எக்ஸ், ஒய் இரண்டும் திரும்பியிருக்கின்றன.

சிஎன்சியில் பிளஸ், மைனஸ் என்பது மேசை போகும் திசையைக் குறிப்பதில்லை. ஜாப் அசையாமல் நிற்கிறது, கட்டர் மட்டும் நகர்கிறது என்று வைத்துக்கொண்டுதான் புரோகிராம் எழுதுகிறோம். ஐஎஸ்ஓ 841 தரநிலையின் அடிப்படையே இதுதான். புரோகிராம் எழுதுகிறவருக்கு எந்த மெஷினில் மேசை நகர்கிறது, எதில் ஸ்பிண்டில் நகர்கிறது என்று தெரிய வேண்டிய தேவையே இருக்கக் கூடாது.

வெர்டிகல் மெஷினில் ஸ்பிண்டில் பக்கமிருந்து தூணைப் பார்த்து நில்லுங்கள். கட்டர் உங்கள் வலப்பக்கம் போனால் எக்ஸ் பிளஸ். தூணை நோக்கி உள்ளே போனால் ஒய் பிளஸ். ஜாபை விட்டு விலகி மேலே போனால் இசட் பிளஸ். வலது கையில் கட்டைவிரல் எக்ஸ், ஆள்காட்டி விரல் ஒய், நடுவிரல் இசட்.

உங்கள் மெஷினில் கட்டர் நிற்கிறது, மேசைதான் நகர்கிறது. எனவே எக்ஸ் பிளஸ் கொடுத்தால் மேசை இடப்பக்கம் போக வேண்டும். ஒய் பிளஸ் கொடுத்தால் மேசை உங்கள் வயிற்றை நோக்கி வர வேண்டும். மேசையின் சொந்த நகர்வைக் காட்ட வேண்டிய இடங்களில் அந்தத் தரநிலை எழுத்தின் வலது மேல் ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டு எக்ஸ் டேஷ் (X′), ஒய் டேஷ் (Y′) என்று எழுதும். அதன் பிளஸ் திசை, எக்ஸின் பிளஸ் திசைக்கு நேர் எதிர்.

#3 பழையஸ்பேனர்

தரநிலையைப் பற்றி எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஆபரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். கையால் ஓட்டும் மில்லிங்கில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணில் படுவது மேசை மட்டும்தான். வைஸ் கட்டரில் மோதுமா, கிளாம்ப் கட்டரில் இடிக்குமா என்று மேசையைப் பார்த்தே கை பழகியிருக்கும். வலது பட்டனை அழுத்தினால் மேசை இடப்பக்கம் போவது அவர் கைக்கு அந்நியம். அந்நியமான கை அவசரத்தில் தவறான பட்டனைத்தான் அழுத்தும். இதை மாற்றி அமைத்தவர் வேலை தெரியாமல் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அப்போதிருந்த ஆபரேட்டர் கேட்டிருப்பார், இவரும் செய்து கொடுத்திருப்பார்.

#4 மூன்றாம்அச்சு

நான் 3டி பிரிண்டர் ஆள், உலோகத்தில் புதியவன். மலிவான பிரிண்டர்களிலும் இதே கதைதான். எக்ஸில் நாசில் நகரும், ஒய்யில் தட்டு நகரும். ஒய் பிளஸ் கொடுத்தால் தட்டு முன்னால் வரும். முதலில் தவறென்றே தோன்றும். அச்சாகும் பொருளின் மேல் நாசில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் பிடிபடும்.

#5 கணபதிப்பட்டறை

வலக்கை ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். இதே மெஷினில் பிளேட்டுகளில் பார்ட் நம்பர் பொறித்திருக்கிறோம். எழுத்து எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பி வரவில்லை. த்ரெட் மில்லிங்கும் செய்திருக்கிறோம், போல்ட் சரியாக ஏறுகிறது. திசை தவறென்றால் இவை எல்லாம் எப்படிச் சரியாக வந்தன?

#6 வலக்கை

கேள்வியின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

ஒரே ஒரு அச்சு திரும்பியிருந்தால் உங்கள் அமைப்பு வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறிவிடும். அப்போது எழுத்து கண்ணாடிப் பிம்பமாக வரும். ஜி2 (வலஞ்சுழி வில்லுக்கான கட்டளை) கொடுத்தால் வில் இடஞ்சுழியாகப் போகும். ஜி41 (கட்டரைப் பாதையின் இடப்பக்கம் தள்ளும் கட்டளை) போட்டு கிளைம்ப் கட்டிங் (கட்டர் சுழலும் போக்கிலேயே ஜாப் ஊட்டப்படுவது) எதிர்பார்த்தால் கன்வென்ஷனலாக (அதற்கு எதிராக) வெட்டும், சத்தத்திலேயே தெரிந்துவிடும். த்ரெட் மில்லிங் செய்தால் இடது த்ரெட் வரும். முதல் ஜாபிலேயே பட்டறை முழுவதும் பேச்சாகிவிடும்.

இரண்டு அச்சுகள் சேர்ந்து திரும்பினால் அப்படியில்லை. ஒரு தவறு மற்றொன்றை மறைத்துவிடும். எக்ஸும் ஒய்யும் இரண்டுமே திரும்பினால் படம் இசட்டைச் சுற்றி 180 டிகிரி சுழலும், அவ்வளவுதான். எதிர்வீட்டு வாசலில் நின்று நம் வீட்டுக் கோலத்தைப் பார்ப்பது மாதிரி. புள்ளியும் கோடும் சரியாகவே இருக்கும், தலைகீழாக நிற்கும். வில்களின் திசை, கிளைம்ப், த்ரெட் எதுவும் மாறாது. வட்ட ஃபிளேஞ்சை 180 டிகிரி சுழற்றினால் யாருக்குத் தெரியும்? பொறித்த பிளேட்டைக் கழற்றிக் கையில் எடுத்தபின் எழுத்து நேராகத்தான் இருக்கும். மேசையில் பிணைத்திருந்தபோது அது உங்களுக்குத் தலைகீழாக நின்றிருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள்.

அதனால் "எழுத்து சரியாக வருகிறது, ஆகவே திசை சரி" என்ற சோதனையை நான் நம்புவதே இல்லை. அது காட்டுவது வலக்கையா இடக்கையா என்பதை மட்டும். ஒவ்வொரு அச்சும் தனித்தனியாக எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அது சொல்லாது.

உங்கள் வார்ப்பு சமச்சீராக இல்லை, ஜீரோ மூலையில் இருக்கிறது. ஒளிந்திருந்தது வெளியே வந்துவிட்டது. வைஸின் அசையாத தாடையை வழக்கப்படி தூண் பக்கம் வைத்து அதை ஆதாரமாகக் கொண்டு கேம் போட்டிருந்தாலும் இதே தொல்லைதான் வந்திருக்கும். மெஷின் அசையும் தாடையை ஆதாரமாக நினைத்துக்கொள்ளும்.

#7 ஓட்டைபோடுபவன்

எதற்கு இத்தனை பாடு? போஸ்ட் புராசசரில் (கேம் தரும் பாதையை மெஷினின் மொழிக்கு மாற்றும் பகுதி) எக்ஸ், ஒய் இரண்டுக்கும் மைனஸ் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

#8 வலக்கை

ஐந்து நிமிடத்தில் செய்யலாம். பிறகு கையால் எம்டிஐயில் (ஒரு வரிக் கட்டளையை நேரே அடித்து ஓட்டும் முறை) எழுதும் ஒவ்வொரு வரியிலும் எந்த உலகத்தில் இருக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். திரையில் ஒன்று, புரோகிராமில் ஒன்று, மேசையில் ஒன்று. அடுத்த முறை வேறு கேமில் புரோகிராம் எடுத்தால் மறுபடி அதே வார்ப்பு, அதே வெறுங்காற்று. திசையைத் திருத்த வேண்டிய இடம் மெஷினின் அமைப்பு. போஸ்ட்டைத் தொடாதீர்கள்.

#9 குறிச்சிக்காரர்

இடையில் ஒரு குறிப்பு, தேடி வரும் மற்றவர்களுக்காக. யூனிவர்சல் மில்லிங் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். வலக்கை சொன்ன "தூணைப் பார்த்து நின்று வலப்பக்கம்" என்ற விதி செங்குத்து ஸ்பிண்டிலுக்கு. ஸ்பிண்டில் கிடைமட்டமாக இருந்தால், ஸ்பிண்டிலிலிருந்து ஜாபை நோக்கிப் பார்க்கும்போது வலப்பக்கம் எக்ஸ் பிளஸ். அதாவது ஸ்பிண்டிலுக்கு எதிரே நிற்கும் ஆபரேட்டருக்கு எக்ஸ் பிளஸ் அவருடைய இடப்பக்கம். வெர்டிகல் தலையைக் கழற்றி ஆர்பர் (கட்டர் கோக்கும் கிடைமட்டத் தண்டு) மாட்டி ஓட்டும் மெஷினை ரெட்ரோஃபிட் செய்தால், எந்த நிலைக்கு அமைத்தீர்கள் என்று பேனலில் எழுதி ஒட்டுங்கள். எனக்குத் தெரிந்த வரை அப்படிப்பட்ட மெஷின்களில் வெர்டிகல் நிலைக்கு மட்டும் அமைத்துவிட்டு, ஆர்பர் வேலையைக் கையால் ஓட்டுவதே நிம்மதி.

#10 பழையஸ்பேனர்

சரி, மாற்றுவதென்று முடிவெடுத்தால் முதலில் பேனாவால் சோதித்துவிட்டு மாற்றட்டும். ஸ்ப்ரிங் வைத்த பேனா ஒன்றைக் கோலெட்டில் (கட்டரைப் பிடிக்கும் இடம்) பிடியுங்கள். மேசையில் ஒரு அட்டையை நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டி, ஆபரேட்டர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்து அதில் வலம், இடம், தூண், நாம் என்று எழுதுங்கள். முதலில் இசட். பேனாவை உயரத் தூக்கி வைத்து, ஜி91 ஜி1 இசட்5 எஃப்200 (ஜி91 என்றால் நிற்கும் இடத்திலிருந்து அளந்து நகர்வது, ஜி1 நேர்கோடு, எஃப் வேகம்). பேனாவுக்கும் அட்டைக்கும் இடைவெளி அதிகமாக வேண்டும். குறைந்தால் அங்கேயே நிறுத்துங்கள், மற்ற எதையும் ஓட்ட வேண்டாம்.

பிறகு பேனாவை அட்டையில் தொடவைத்து ஜி91 ஜி1 எக்ஸ்20 எஃப்200. கோடு "வலம்" பக்கம் நீள வேண்டும். மேசை எங்கே போகிறது என்று பார்க்கவே கூடாது, கோட்டை மட்டும் பாருங்கள். அதே போல் ஒய்20, கோடு "தூண்" பக்கம். முடிந்ததும் ஜி90 கொடுத்து ஜீரோவிலிருந்து அளக்கும் முறைக்குத் திரும்புங்கள். ஆரம்பிக்கும் முன் எமர்ஜென்சி பட்டன் மேல் கை இருக்கட்டும், ஃபீட் ஓவர்ரைடு குறைவாக இருக்கட்டும்.

எல்லாம் சரியென்றால் கடைசியாக க என்ற எழுத்தை வரையுங்கள். கோடுகள் சொன்னதை அது ஒருமுறை உறுதி செய்யும்.

#11 கணபதிப்பட்டறை

பேனா சோதனை செய்தோம். வலக்கை சொன்னபடியே இரண்டு கோடும் எதிர்ப்பக்கம் போயின. க தலைகீழாக வந்தது. கண்ணாடிப் பிம்பமாக இல்லை. ஆபரேட்டர் அண்ணன் அட்டையைச் சுற்றி வந்து தூண் பக்கம் நின்று பார்த்துவிட்டு "ஆமாம்" என்றார். இனி எங்கே மாற்றுவது? மோட்டார் ஒயரையா, டிரைவையா, சாஃப்ட்வேரையா?

#12 லாட்ச்_ரிலே

ஸ்டெப்பரில் ஒரு சுருளின் இரண்டு ஒயரை மாற்றினாலும் திசை திரும்பும். ஆனால் டிரைவில் மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள், டிரைவ் போய்விடும். சாஃப்ட்வேரில் மாற்றுவதே என் விருப்பம். எங்கே மாற்றினோம் என்று பின்னால் வருபவர் கோப்பைத் திறந்து படித்துக்கொள்ளலாம். ஒயர் இடம் மாறியிருப்பதை யாரும் படிக்க முடியாது. ஒரே இடத்தில் மட்டும் மாற்றுங்கள். இரண்டு இடத்தில் மாற்றினால் பழைய நிலைதான்.

லினக்ஸ்சிஎன்சியின் ஐஎன்ஐ (அமைப்பு) கோப்பில் ஜாயிண்ட் 0 பகுதியில் ஸ்கேல் என்று ஒரு எண் இருக்கும், ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்பது அது. 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூ, நேரடி இணைப்பு, 200 ஸ்டெப் மோட்டார், 8 மைக்ரோஸ்டெப் என்றால் 1600ஐ 5ஆல் வகுத்து 320. அதை மைனஸ் 320 ஆக்கினால் எக்ஸ் திரும்பும். ஜாயிண்ட் 1இல் ஒய்க்கும் அப்படியே.

ஆனால் அந்த ஒரு மைனஸோடு வேலை முடியாது. ஹோம் ஸ்விட்ச் (மெஷின் தன் ஆரம்ப இடத்தை அறியும் ஸ்விட்ச்) இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன்பு எக்ஸ் மைனஸ் பக்கம் தேடிப்போன மெஷின் இப்போது அதே ஸ்விட்சை பிளஸ் பக்கம் தேட வேண்டும். ஹோம் சர்ச் வெலாசிட்டியின் (ஸ்விட்சைத் தேடும் வேகம்) குறியை மாற்றுங்கள், ஹோம் லாட்ச் வெலாசிட்டியின் (மெதுவாகத் துல்லியமாகப் பிடிக்கும் வேகம்) குறியையும் சேர்த்து. ஹோம் ஆஃப்செட், ஹோம் இரண்டிலும் பூஜ்யம் இல்லாத எண் இருந்தால் அவற்றின் குறியும் மாறும். எல்லைகளும் இடம் மாறும். இதுவரை 0 முதல் 600 வரை இருந்தது இனி மைனஸ் 600 முதல் 0 வரை. புதிய பதிப்புகளில் இந்த எல்லை ஜாயிண்ட் பகுதியிலும் ஆக்சிஸ் பகுதியிலும் தனித்தனியே இருக்கும். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மெஷின் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது என்று கேட்டு வருகிறார்கள்.

லிமிட் ஸ்விட்ச் பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று என்று தனி இன்புட்டில் வந்தால் ஹால் கோப்பில் (எந்த சிக்னல் எங்கே போகிறது என்று எழுதிய கோப்பு) அவற்றை இடம் மாற்றுங்கள். இரண்டும் தொடராக ஒரே இன்புட்டில் வந்தால் தொட வேண்டாம். பேக்லாஷ் (ஸ்க்ரூவின் தளர்வு) எண் அப்படியே இருக்கலாம். ஸ்க்ரூ பிழைக்குத் திருத்த அட்டவணை வைத்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அளப்பது நல்லது. குறி, வரிசை, போகும் திசை, வரும் திசை என்று எல்லாமே மாறும், கணக்குப் போட்டு மாற்றினால் எங்காவது இடறும். ஜி54 முதலான பழைய ஆஃப்செட் (சேமித்து வைத்த ஜாப் ஜீரோ) எதுவும் இனிச் செல்லாது.

முதல் ஹோமிங்கை மேசை நடுவில் இருக்கும்போது, வேகத்தை நன்றாகக் குறைத்துச் செய்யுங்கள். தவறான பக்கம் போனால் நிறுத்த நேரம் கிடைக்கும்.

அனலாக் சர்வோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: இதைப் பார்த்து ஒரே ஒரு ஸ்கேலை மாற்றிவிடாதீர்கள். அவுட்புட் ஸ்கேல், என்கோடர் ஸ்கேல் இரண்டும் சேர்ந்து மாற வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் பின்னூட்டம் நேர்மறையாகி, இயக்கிய நொடியே அச்சு முழு வேகத்தில் ஓடும். ஃபாலோயிங் எரர் (போகச் சொன்ன இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) எல்லையைச் சிறியதாக வைத்திருந்தால்தான் உடனே நிற்கும்.

#13 புதுலேத்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மைனஸ் 600 முதல் 0 என்கிறீர்கள். எங்கள் விஎம்சியிலும் (வெர்டிகல் மெஷினிங் சென்டர்) மெஷின் கோஆர்டினேட் எல்லாம் மைனஸில்தான் காட்டுகிறது. அப்படியானால் அதுவும் திசை திரும்பிய மெஷினா?

#14 வலக்கை

இல்லை. திசை வேறு, ஜீரோ வேறு. ஹோம் பிளஸ் முனையில் இருந்தால், அங்கிருந்து போக முடிந்த இடமெல்லாம் மைனஸாகத்தானே இருக்கும். இசட்டில் பெரும்பாலான விஎம்சிக்கு ஹோம் மேலே உச்சியில். ஜாபை நோக்கி இறங்குவதெல்லாம் மைனஸ். ஜி53 ஜி0 இசட்0 என்றால் உச்சிக்குப் போ என்று பொருள். அதனால்தான் டூல் மாற்றும் முன் அதை எழுதுகிறார்கள். எண்ணின் குறியைப் பார்க்காதீர்கள், எண் ஏறும்போது கட்டர் ஜாபின் மேல் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

#15 கணபதிப்பட்டறை

லாட்ச்_ரிலே சொன்ன வரிசையில் மாற்றினோம். பேனா கோடு இப்போது சரியான பக்கம் போகிறது. ஹோமிங்கும் சரி. வார்ப்பை வைத்து ஓட்டியதில் இரண்டு துளையும் காதிலேயே விழுந்தன.

ஆபரேட்டர் அண்ணனுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. கைச்சக்கர பெண்டண்ட் (சக்கரத்தைச் சுற்றி அச்சை நகர்த்தும் கைப்பெட்டி) ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறோம். அதையாவது மேசை போகும் திசைக்கு வைத்துக் கொடுங்கள் என்கிறார். செய்யலாமா?

#16 லாட்ச்_ரிலே

செய்ய முடியும். ஹாலில் அந்த அச்சின் ஜாக் ஸ்கேலுக்கு (சக்கரம் ஒரு படி சுற்றினால் எவ்வளவு நகர்வு என்ற எண்) மைனஸ் கொடுத்தால் சக்கரம் மட்டும் திரும்பும், அச்சு திரும்பாது. புரோகிராமுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

#17 வலக்கை

முடியும் என்பதற்காகச் செய்யக் கூடாது. சக்கரத்தை பிளஸ் என்று எழுதியிருக்கும் பக்கம் சுற்றினால் திரையில் எண் இறங்கும். அவர் மட்டுமே ஓட்டும் வரை சரி. விடுப்பில் போன நாளில் அந்தத் தம்பி வந்து நின்றால்?

#18 பழையஸ்பேனர்

நான் இங்கே அண்ணன் பக்கம். பழைய மில்லிங்கில் குறுக்குக் கைப்பிடியை வலஞ்சுழியாகச் சுற்றினால் மேசை தூண் பக்கம் உள்ளே போகும்; பல மெஷின்களில் அப்படித்தான். கட்டர் கணக்கில் அது ஒய் மைனஸ். புதிய பெண்டண்டில் வலஞ்சுழி என்றால் பிளஸ், மேசை வெளியே வரும். காலம் காலமாகக் கையில் ஊறியதை ஒரே நாளில் எதிராகச் சுற்றச் சொல்கிறீர்கள். இருந்தாலும் தம்பியும் அதே மெஷினில் நிற்கப் போகிறான் என்றால் வலக்கை சொல்வதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. ஒன்று செய்யுங்கள். பெண்டண்டைத் தரநிலைப்படியே விட்டுவிட்டு, மேசையின் முன்பக்கத்தில் "எக்ஸ் பிளஸ்: மேசை இப்படி", "ஒய் பிளஸ்: மேசை இப்படி" என்று அம்புக்குறி வரைந்து ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மேசையைப் பார்த்து ஓட்டுபவருக்கு அவர் பார்க்கும் இடத்திலேயே விடை இருக்கட்டும்.

#19 மூன்றாம்அச்சு

இதே மெஷினில் நான்காம் அச்சு (ஏ என்ற சுழலும் அச்சு) மாட்டினால் அது எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்?

#20 வலக்கை

வலது கைக் கட்டைவிரலை எக்ஸ் பிளஸ் பக்கம் நீட்டுங்கள். மற்ற விரல்கள் மடங்கும் திசை, ஜாபைச் சுற்றிக் கட்டர் போகும் ஏ பிளஸ். இங்கே சுழல்வது ஜாப் என்பதால் சக் அதற்கு எதிராகச் சுழல வேண்டும். மேசையின் வலது முனையில் நின்று இடப்பக்கம் பார்த்தால் சக் கடிகார முள் திசையில் சுழலும். எக்ஸைத் திருப்பிவிட்டு ஏயை அப்படியே விட்டால், உருளையில் சுற்றிப் பொறிக்கும் எழுத்து கண்ணாடிப் பிம்பமாகிவிடும். பேனா சோதனையை ஒரு பைப்பின் மேல் காகிதம் சுற்றிச் செய்து பாருங்கள்.

#21 கணபதிப்பட்டறை

ஸ்டிக்கர் ஒட்டிவிட்டோம், அண்ணன் பெண்டண்டை மெதுவாகச் சுற்றிப் பழகிக்கொண்டிருக்கிறார். ஒரு கடைசிக் கேள்வி. பழைய திசையில் இருந்தபோது செய்த ஃபிக்சர் (ஜாபைப் பிடித்து வைக்கும் தாங்கி) ஒன்று மேசையில் பின் அடித்து உட்கார்ந்திருக்கிறது. அதன் புரோகிராம்கள் நிறைய. ஃபிக்சரைக் கழற்றித் திருப்பி மாட்ட இடமில்லை. என்ன செய்யலாம்?

#22 லாட்ச்_ரிலே

அந்த ஃபிக்சருக்கென்று ஜி59ஐ ஒதுக்கிவிடுங்கள். புதிய திசையில் அதன் ஜீரோவை மறுபடி பிடித்து, எம்டிஐயில் ஜி10 எல்2 பி6 ஆர்180 கொடுங்கள் (பி6 என்பது ஜி59, ஆர் சுழலும் கோணம்). ஜி59இன் உலகம் மட்டும் அதன் ஜீரோவைச் சுற்றி 180 டிகிரி சுழலும். பழைய புரோகிராம்கள் பழையபடியே விழும். ஜி54 தொடப்படாது. பழைய புரோகிராம்களில் ஜி54 என்று எழுதியிருந்தால் ஜி59 என்று மாற்ற மறக்காதீர்கள். சுழற்சியை மெஷின் அணைத்த பிறகும் நினைவில் வைத்திருக்கும். ஃபிக்சரைக் கழற்றும் நாளில் ஜி10 எல்2 பி6 ஆர்0 கொடுத்து நீக்குங்கள்.

முதல் ஓட்டம் கட்டரை ஃபிக்சருக்கு மேலே தூக்கி வைத்துக் காற்றில்.